ஏரிக்கரையில் பிள்ளை வளர்த்தல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நான் பேச்சாளன் அல்லன், புலவனும் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, பணியிலிருக்கும்போதே காலமான என் தந்தையாரின் இடத்தில் ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். இதே மண்டபத்தில் ஆண்டு விழாக்களின்போது ஜமக்காளம் விரித்தும், நாற்காலி அடுக்கியும், கடைசி வரிசையில் நின்று பேச்சுக்களைக் கேட்டும் பழகியவன். அப்படிப்பட்ட என்னை மேடையில் ஏற்றிவிட்ட செயலாளர் அவர்கள், "நகரத்தை விட்டுப் போய்ச் சிற்றூரில் பிள்ளைகளை வளர்த்தீரே, அது நல்லதா கெட்டதா என்று நம் காலனிக் குடும்பங்களுக்குச் சொல்லும்" என்று கடிதம் எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்த வேலை பார்சல் கணக்கு எழுதுவது. வந்தது என்ன, போனது என்ன, வழியில் சேதமானது என்ன என்று மறைக்காமல் எழுதுவதே அந்தத் தொழிலின் தருமம். அந்த முறையிலேயே என் குடும்பக் கணக்கையும் உங்கள்முன் வைக்கிறேன்.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரை நான் கல்கத்தாவாசி. நகரத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றே பார்ப்பவர்கள் சொல்வார்கள். லேக் மார்க்கெட்டுக்குப் போனால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் சாம்பார் வெங்காயமும் கிடைக்கும். சங்கத்தில் நூலகம் உண்டு; ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு உண்டு. வைத்தியருக்கும் பள்ளிக்கும் பஞ்சமில்லை. ஆனால் என் மகனுக்கு மூச்சு இல்லை. மார்கழி பிறந்து நகரத்தின் மேல் புகை படிந்தால் போதும், மூன்று வயதுக் குழந்தைக்கு இழுப்பு வந்துவிடும். இரவு முழுவதும் அவன் தாய் அவனை மார்பில் சாய்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். நானோ ஹவுராப் பக்கம் பார்சல் அலுவலகத்தில் முறை வேலை பார்ப்பவன். ஆற்றைக் கடந்து போய்வரும் நேரத்தையும் கூட்டினால், பிள்ளைகள் விழித்திருக்கும்போது நான் வீட்டில் இருந்த நாட்கள் வாரத்தில் இரண்டு இருந்தால் அதிகம். "முடியுமானால் இந்தக் காற்றிலிருந்து குழந்தையை வெளியே கொண்டுபோங்கள்" என்று வைத்தியர் ஒருநாள் சொன்னார். சொல்வது எளிது, உத்தியோகக்காரன் எங்கே போவது?

அப்போது எனக்கு ஒரே ஓர் ஊரின் பெயர்தான் நினைவுக்கு வந்தது. பனிக்கட்டி இட்டு மூடிய மீன் கூடைகளும் நண்டுக் கூடைகளும் நாள்தோறும் எங்கள் அலுவலகத்துக்கு வரும். அவற்றில் பலவற்றின்மேல் பாலுகாவ் என்ற பெயர் எழுதியிருக்கும். பல ஆண்டுகளாக அந்தப் பெயரைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேனே ஒழிய, ஊரைக் கண்டதில்லை. ஒருமுறை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, சென்னை மெயிலில் காலை வேளையில் பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவைத்துக் காட்டினேன். ஒரு பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலைக் குன்றுகள். மறுபக்கம் கரை தெரியாத நீர்ப்பரப்பு. அதுதான் ஒடிசாவின் சிலிகா ஏரி. சென்னைக்குப் போகும் நம்மவர் அனைவரும் அதைக் கடந்துதான் போகிறோம். பெரும்பாலோர் அந்நேரம் பல் துலக்கிக்கொண்டிருப்போம்!

சிலிகா நம் நாட்டின் மிகப் பெரிய உப்பங்கழி ஏரி. கோடையில் ஏறக்குறைய 900 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும். மகாநதியின் கிளைகளான தயா, பார்கவி முதலிய ஆறுகள் ஒருபுறம் நன்னீரைக் கொண்டுவர, கடல் மறுபுறம் உவர்நீரைத் தருகிறது. இரண்டும் கலப்பதால்தான் அங்கே அத்தனை மீன், இறால், நண்டு. அந்த ஏரியின் மேற்குக் கரையில் இருப்பது பாலுகாவ். 'பாலு' என்றால் மணல்; 'காவ்' என்றால் ஊர். நம் வாயால் சொன்னால் மணலூர், அந்நியமாகவா இருக்கிறது?

மாற்றம் வேண்டி மனுக் கொடுத்தேன். தென்கிழக்கு ரயில்வேயிலிருந்து கிழக்குக் கடற்கரை ரயில்வேக்குச் சொந்த விருப்பத்தில் போகிறவன், புதிய இடத்தில் பதவிமூப்புப் பட்டியலின் கடைசியில்தான் நிற்கவேண்டும் என்பது விதி. இதை ரயில்வே அன்பர்கள் அறிவார்கள், மற்றவர்கள் அறிந்துகொள்ளவேண்டும். பதினான்கு ஆண்டுச் சேவையின் மூப்பு ஒரே கையெழுத்தில் போயிற்று. எனக்குப் பின்னால் சேர்ந்து இங்கேயே இருந்த நண்பர்கள் இன்று மேற்பார்வையாளர்கள். நான் இன்னும் எழுத்தன். அவர்கள் மீது எனக்குப் பொறாமை இல்லை. சம்பளப் பட்டியலைக் காணும் மாதக் கடைசி நாளில் மட்டும் சிறிது வருத்தம் உண்டு. கணக்கில் இது செலவுப் பக்கம்.

இனி வரவுப் பக்கம். நிலையத்துக்கும் குடியிருப்புக்கும் இடையே நடை தூரம். வேலை முடிந்த ஐந்தாவது நிமிடம் நான் வீட்டில் இருப்பேன். பிள்ளைகள் என் முகத்தைப் பகலில் பார்த்தார்கள். மாலையில் மூவரும் ஏரிக்கரைக்கு நடப்போம். நாட்டுப் படகுகள் பாய் இறக்கிக் கரை சேரும் நேரம் அது. எந்த வலையில் எந்த மீன் விழும், மேகம் எந்தத் திசையில் கறுத்தால் படகைத் திருப்பவேண்டும் என்பதெல்லாம் என் மக்கள் மீனவப் பிள்ளைகளிடம் கற்ற பாடங்கள். முதல் குளிர்காலத்தில் மகனுக்கு இழுப்பு வரவேயில்லை. தை மாதம் ஒருநாள் அவன் கரையோரம் ஓடி, மூச்சு வாங்காமல் திரும்பி வந்து நின்றான். அவன் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஒரு காட்சிக்காக இன்னொரு பதினான்கு ஆண்டு மூப்பையும் கொடுத்திருப்பேன்.

தை மாதம் என்றேன். அதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏரியின் நடுவே காளிஜாய் என்றொரு சிறு தீவு. அதில் தேவி கோயில். கணவன் வீட்டுக்குப் படகில் போன ஜாய் என்ற புதுமணப்பெண் புயலில் மூழ்கித் தெய்வமானாள் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. நாம் பொங்கல் வைக்கும் அதே மகர சங்கராந்தி நாளில் அத்தீவில் பெரிய திருவிழா. அன்று ஒடியா வீடுகளில் புதிய அரிசியை ஊறவைத்து, வெல்லம், தேங்காய், வாழைப்பழம், பால் சேர்த்து, அடுப்பேற்றாமலே படைப்பார்கள். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இது பொங்காத பொங்கல்!" என்றாள். எதிர் வீட்டு அம்மையார் பொங்காத பொங்கலைக் கொண்டுவர, எங்கள் வீட்டிலிருந்து பொங்கிய பொங்கல் போகும். பிள்ளைகள் அவரை 'மாவுசி' என்று அழைப்பார்கள். மாவுசி என்றால் நம் ஊர்ச் சித்தி, பெரியம்மா.

அந்த மாவுசியின் அருமை 2013ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் தெரிந்தது. பைலின் புயல் அன்றிரவு கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 உயிர்களைப் பறிகொடுத்த மாநிலம் அது. அந்தப் பாடத்தை மறக்காமல், இம்முறை பல இலட்சம் மக்களை முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோயிற்று அரசு. நான் நிலையத்தில் பணியில் இருந்தேன். வண்டிகள் நிறுத்தப்பட்டுவிட்டன. என் மனைவியையும் இரு குழந்தைகளையும் மாவுசிதான் கையைப் பிடித்துப் பள்ளிக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார். காற்று ஜன்னல் கதவுகளைப் பிடுங்கிய அந்த இரவில், மொழி சரியாகத் தெரியாத என் மனைவி மீனவப் பெண்களின் நடுவே, யார் குழந்தை யார் மடியில் என்ற கணக்கில்லாமல் உட்கார்ந்திருந்தாளாம். விடிந்து நான் போய்ப் பார்த்தபோது என் மகன் ஒரு மீனவக் கிழவியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நகரத்தில் ஒரே மாடியில் நான்கு ஆண்டு குடியிருந்தும் எதிர்வீட்டார் பெயர் தெரியாமல் இருந்தவன் நான். ஊர் என்றால் என்ன என்பதை அன்று கற்றேன்.

நிற்க. இதுவரை கேட்டவர்கள் நாளைக்கே மாற்ற மனு எழுதிவிடக் கூடாது. சேதக் கணக்கு இன்னும் வரவில்லை.

முதலாவது, வைத்தியம். மகனுடைய இழுப்பு போய்விட்டது என்று நாங்கள் நினைத்திருந்த மூன்றாம் ஆண்டு, மழைக்காலத்து நள்ளிரவில் அது திரும்பி வந்தது. உதடு நீலம் பாரித்தது. ரயில்வேயின் கோட்ட மருத்துவமனை குர்தா ரோட்டில். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பிரம்மபூரில். எந்தப் பக்கம் போனாலும் எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது. அந்நேரத்துக்கு வண்டி ஏதும் இல்லை. மீன் ஏற்றிக்கொண்டு பிரம்மபூருக்குப் புறப்பட்ட ஒரு சிறு லாரியில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அந்த ஒன்றரை மணி நேரமும் அவன் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். வைத்தியரை விட்டு, காற்றை நம்பி வந்தவன் பைத்தியக்காரன் என்று என்னையே நான் திட்டிக்கொண்டேன். கடவுள் அருளாலும் மருத்துவர்களின் திறமையாலும் பிள்ளை பிழைத்தான். அதன்பின் மருந்தை ஆவியாக்கித் தரும் கருவியை வீட்டிலேயே வாங்கி வைத்து, அதை இயக்க என் மனைவியும் கற்றுக்கொண்டாள். நல்ல காற்று மருந்துக்கு ஈடாகாது. இரண்டும் வேண்டும் என்பதைப் பெற்றோர் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தனிமை. நான் நிலையத்துக்குப் போய்விடுவேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். என் மனைவிக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு தமிழ்ப் பெண் இல்லை. சென்னை வண்டி நிலையத்தைக் கடக்கும் நேரத்தை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். அந்நேரம் வீட்டுப் பின்புறம் வந்து நின்று, ஜன்னல்களில் ஏதேனும் ஒரு நெற்றியில் திருநீறு தெரிகிறதா என்று பார்ப்பாளாம். இதை அவள் என்னிடம் சொன்னது நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகு. "ஏன் முன்னமே சொல்லவில்லை?" என்றேன். "சொன்னால் நீங்க திரும்பிப் போக எழுதிப் போட்டுடுவீங்க, பிள்ளைக்கு மூச்சு திரும்பியிருக்கே" என்றாள். ஆடவர்களே! ஊர் மாறும் முடிவை நாம் எடுக்கிறோம். அதன் விலையைப் பெரும்பாலும் செலுத்துகிறவர்கள் அவர்கள்.

மூன்றாவது, நம் மொழி. இது நான் எதிர்பாராத இடத்தில் வந்த சேதம். முதலில் ஒரு வியப்பைச் சொல்கிறேன். கல்கத்தாவில் இருந்தபோது என் மகள் 'பள்ளிக்கூடம்' என்பதைப் 'பல்லிக்கூடம்' என்பாள். வங்க மொழியில் ளகர ஒலி இல்லாததால் குழந்தையின் நாக்கு அதை விட்டுவிட்டது. ஒடியாவிலோ ளகரம் உண்டு. பாலுகாவ் போன ஆறே மாதத்தில் பல்லிகள் ஓடிப்போய்ப் பள்ளி திரும்பி வந்தது! நான் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியில் வேறொன்றைக் கவனிக்கத் தவறினேன்.

2016ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு, ஊரில் இருக்கும் பாட்டிக்கு ஒரு கடிதம் எழுது என்று ஏழு வயது மகனிடம் சொன்னோம். அவனும் உற்சாகமாக ஒரு பக்கம் எழுதி, ஒட்டி, தபாலில் சேர்த்தான். பத்து நாளில் அந்தக் கடிதம் திரும்பி வந்தது. என் தாயார் தம்பி கையால் ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வைத்திருந்தார்: "குழந்தை தாள் நிறைய ஜாங்கிரி பிழிந்து அனுப்பியிருக்கிறான். என்ன எழுதியிருக்கிறான் என்று நீயே படித்துச் சொல்." எடுத்துப் பார்த்தால், சொற்கள் எல்லாம் தமிழ், எழுத்துக்கள் எல்லாம் ஒடியா! ழகரத்துக்கு எழுத்து இல்லாததால் அங்கெல்லாம் ளகரத்தைப் போட்டிருந்தான். "பாட்டி, நீ எப்போ வருவே? உனக்கு ஏரி காட்டறேன்" என்று அன்பாகத்தான் எழுதியிருந்தான். பேரன் தன் தாய்மொழியில் எழுதியதைப் பாட்டியால் படிக்க முடியவில்லை. நாங்கள் முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை. இந்த மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடந்த வகுப்பின் மதிப்பு, அது இல்லாத ஊரில்தான் தெரிந்தது.

அன்றிரவே கரும்பலகை ஒன்று வாங்கினேன். இரவு உணவுக்கு முன் அரைமணி நேரம் தமிழ். ஊரிலிருந்து பாடப் புத்தகங்கள் வரவழைத்தோம். சென்னைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இணையத்தில் வைத்துள்ள மழலைப் பாடங்களும் உதவின. சோர்வு வந்த நாட்கள் பல. விட்டுவிட்ட வாரங்களும் உண்டு. இரண்டு ஆண்டில் மகன் தமிழில் கடிதம் எழுதினான். அதைப் படித்த என் தாயார், ஜாங்கிரிக் கடிதத்தையும் திருப்பி அனுப்பச் சொல்லி, இரண்டையும் சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்தார்.

இதைச் சொல்வதால் பிற மொழியை நான் குறைத்துப் பேசுவதாக எண்ணவேண்டாம். மைய அரசு 2004இல் தமிழையும், 2014இல் ஒடியாவையும், 2024இல் வங்க மொழியையும் செம்மொழி என அறிவித்தது. நாம் பிறந்த மொழி, நான் வாழும் ஊர் மொழி, நீங்கள் வாழும் ஊர் மொழி மூன்றும் அப்பட்டியலில் உள்ளன. பிள்ளைகள் மூன்றையும் கற்கட்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதே என் கருத்து.

நான்காவது சேதத்தை நான் சுருக்கமாகவே சொல்வேன். நீட்டினால் குரல் உடையும். பிள்ளைகளை அருகில் வைத்து வளர்ப்பதற்காகவே நகரத்தை விட்டேன். ஆனால் சிற்றூரில் பத்தாம் வகுப்புக்கு மேல் அவள் விரும்பிய படிப்பு இல்லை. 2021ஆம் ஆண்டு, பதினாறே வயதில், என் மகள் புவனேசுவரத்தில் விடுதிக்குப் போனாள். இங்கேயே இருந்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் வீட்டிலிருந்தே படித்திருப்பாள். மகனும் இப்போது அதே வயதில் நிற்கிறான். கணக்குப் பார்த்தால், பகலில் பிள்ளைகளோடு இருந்த ஒன்பது ஆண்டுகளை நான் பெற்றேன். அதன்பின் சேர்ந்திருந்திருக்கக்கூடிய ஆண்டுகளை இழந்தேன். எது அதிகம் என்று எந்தப் பதிவேட்டிலும் கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

சிலிகாவில் நளபனா என்றொரு பறவைத் தீவு உண்டு. குளிர்காலத்தில் வடக்கே நெடுந்தூரத்திலிருந்து பல இலட்சம் பறவைகள் அந்த ஏரிக்கு வருகின்றன. ஒருநாள் மகள் கேட்டாள்: "அப்பா, இவ்வளவு பறவை இருக்கே, ஒரு குஞ்சைக்கூடக் காணோமே?" நான் விசாரித்துச் சொன்னேன்: இவை இங்கே வருவது இரைக்காக, குஞ்சு பொரிப்பது தம் வடநாட்டில். அவள் சற்று நேரம் யோசித்து, "நாமும் இரைக்காகத்தானே வந்தோம்; ஆனா நாங்க இங்கேயே பொரிச்ச குஞ்சாச்சே!" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. பறவைக்கு உள்ள வசதி நமக்கு இல்லை. இரை தேடி வந்த இடத்திலேயே நம் குஞ்சுகள் இறகு முளைக்கின்றன. ஆகையால் கூட்டை நாம்தான் கையோடு சுமக்கவேண்டும்.

எப்படிச் சுமப்பது? அதற்கும் அந்த ஏரியே விடை சொல்கிறது. சிலிகா 1981ஆம் ஆண்டு உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோக, உவர்ப்புக் குறைந்தது, களை படர்ந்தது, மீன் அருகியது. 1993இல் அழிவை நோக்கும் ஈரநிலங்களின் பட்டியலில் அதன் பெயர் ஏறிற்று. இடையில் இறால் பண்ணைகளின் தொல்லை வேறு. 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளையும் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் நம் தமிழகத்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் என்பதை நான் அங்குள்ளோரிடம் பெருமையோடு சொல்வதுண்டு. பிறகு 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் புதிய முகத்துவாரம் வெட்டித் திறந்தார்கள். கடல் நீர் உள்ளே வந்தது, மீன் பெருகியது. 2002இல் ஏரியின் பெயர் அந்த அபாயப் பட்டியலிலிருந்து நீங்கிற்று.

பெரியோர்களே! சிற்றூரில் தனித்து வாழும் தமிழ்க் குடும்பமும் ஓர் ஏரி போன்றதே. அதற்கு உள்ளூர் ஆறும் வேண்டும். தாய்க் கடலும் வேண்டும். முகத்துவாரம் தூர்ந்துவிட்டால், வெளியே நீர் நிறைந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே களை படரும். எங்களைப்போல் சிறு நிலையங்களில் சிதறிக் கிடக்கும் குடும்பங்களுக்கு அந்த முகத்துவாரம் இந்தச் சங்கம்தான். ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஞாயிறு வகுப்பைத் தொலைபேசி வழியாக எங்கள் பிள்ளைகளும் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். செலவு மிகச் சிறிது. நூலகத்தில் இரட்டைப் படியாக உள்ள சிறுவர் நூல்களை ஒரு பெட்டியில் இட்டு, நிலையம் நிலையமாகச் சுற்றிவர அனுப்புங்கள். பெட்டி வழியில் தொலையாமல் பார்த்துக்கொள்வது இந்தப் பார்சல் எழுத்தனின் பொறுப்பு.

இறுதியாக, செயலாளர் கேட்ட கேள்வி. நகரத்தை விட்டுப் போவது நல்லதா? என் மகனுக்கு மூச்சு கிடைத்தது. ஆகவே எனக்கு அது நல்லது. உங்கள் வீட்டில் எது குறைகிறதோ, அதை அறிந்து முடிவு செய்யுங்கள். முடிவு செய்யும் முன் உங்கள் இல்லத்தரசியிடம் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். எங்கே போனாலும் ஒரு கரும்பலகையை முதல் மூட்டையிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.

 அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது, காலையில் ஏரி தெரிந்ததும் ஜன்னல் வழியே ஒருமுறை கையசையுங்கள். வீட்டுப் பின்புறம் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள்.